காரோடு கட்டிய கேமரா

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்களை நம்பியே இந்த ஊரில் பல டிராவல்ஸ் வண்டிகள் ஓடுகின்றன. புதிதாக ஒரு இன்னோவா வாங்கிய முதலாளி ஸ்டூடியோவுக்கு வந்து கேட்பார்: "தம்பி, வண்டி நிக்கிற மாதிரி வேணாம். பறக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. ஆபீஸ் செவுத்துல பெருசா மாட்டணும்." கல்யாணத்துக்கு வண்டி வாடகை விடுகிறவரும் பழைய கார் விற்கிறவரும் கேட்பது இதே படத்தைத்தான். கார் பளிச்சென்று தெளிவாக இருக்க வேண்டும். சாலையும் மரமும் மட்டும் கோடு கோடாக இழுபட வேண்டும்.

இதற்கு மூன்று வழி உண்டு. சாலையோரம் நின்று, கார் போகும் வேகத்துக்குக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது ஒன்று. முன்னால் போகும் வண்டியின் டிக்கியைத் திறந்து, அதில் உட்கார்ந்தபடி பின்னால் வரும் காரை எடுப்பது இன்னொன்று. நம் ஆட்கள் அதிகம் செய்வது இந்த இரண்டாவதைத்தான். செய்யவே கூடாததும் அதுதான். படிக்கட்டிலும் கூரையிலும் பேனட்டிலும் ஆள் ஏறிப் போவதையும், வண்டியின் உடலுக்கு வெளியே ஆளைச் சுமந்து போவதையும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123வது பிரிவு தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், பெல்ட் இல்லாமல் டிக்கி விளிம்பில் தொங்குகிற ஆளைத் தார் மேல் உருட்டிவிட ஒரு திடீர் பிரேக் போதும். மூன்றாவது வழி, காரின் உடம்பிலேயே நீளமான பைப் ஒன்றைப் பிடிக்க வைத்து, அதன் நுனியில் கேமராவை மாட்டுவது. தொழிலில் இதற்கு ரிக் என்று பெயர். இந்த அத்தியாயம் ரிக்கைப் பற்றியது.

வேகம் ஷட்டரில் இருக்கிறது

ரிக்கில் கேமராவும் காரும் ஒன்றாகவே நகர்கின்றன. கேமராவின் கண்ணுக்குக் கார் அசையாமல் நிற்கிறது, உலகம்தான் ஓடுகிறது. அதனால் ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்தாலும் கார் கலங்காது. சாலை எவ்வளவு இழுபடும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீடாமீட்டர் காட்டும் எண் இல்லை, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் வண்டி கடந்த தூரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் கால் நொடியில் சுமார் 4.2 மீட்டர் கடக்கும். மணிக்கு 5 கிலோமீட்டரில், அதாவது நாம் விறுவிறுவென்று நடக்கும் வேகத்தில் உருளும் கார், 3 நொடியில் அதே 4.2 மீட்டரைக் கடக்கும். இரண்டு படத்திலும் சாலை ஒரே மாதிரிதான் இழுபட்டிருக்கும். நடுத்தரக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும், ஆக 4.2 மீட்டரில் சக்கரம் இரண்டு சுற்று சுற்றிவிடும், ஸ்போக் எல்லாம் கரைந்து தட்டாகத் தெரியும். விளம்பரத்தில் மலைப்பாதையில் சீறிப் பாய்கிற கார்களில் பல, நாலு பேர் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போனவை. இது தெரியாமல் ரிக்கைக் கட்டிக்கொண்டு பெங்களூரு ஹைவேயில் 80இல் ஓட்டிப் பார்க்கிறவர் லென்ஸையும் இழப்பார், படமும் கிடைக்காது. அந்த வேகத்தில் காற்று பைப்பை ஆட்டிவிடும். கார் தெளிவாகவே விழாது.

சினிமாவில் நிஜமாகவே வேகமாக ஓடவிட்டு எடுத்ததும் உண்டு. ஸ்டீவ் மெக்வீன் நடித்து 1971இல் வந்த 'லு மான்' படத்துக்காக, அதற்கு முந்தைய ஆண்டின் 24 மணி நேரப் பந்தயத்திலேயே போர்ஷே 908 ஒன்றில் கேமராக்களைக் கட்டி ஓடவிட்டார்கள். ஹெர்பர்ட் லிங்கேவும் ஜோனதன் வில்லியம்ஸும் ஓட்டினார்கள். அது மூடிய பந்தயப் பாதை, ஓட்டியவர்கள் பந்தய வீரர்கள். மாறாக, 1976இல் குளோத் லெலூஷ் விடியற்காலைப் பாரிஸில் போக்குவரத்தை நிறுத்தாமல் காரின் முன்னால் கேமராவைக் கட்டி ஒரே ஷாட்டில் எடுத்த குறும்படத்தை இன்றும் சிலாகிக்கிறார்கள். ஓடியது மெர்சிடீஸ், கேட்பது ஃபெராரியின் சத்தம், பிறகு சேர்த்தது. அங்கேயும் வேகத்தில் ஒரு பங்கு ஒலிப்பதிவு அறையில்தான் பிறந்தது. அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

நிஜமாகவே ஓடுகிற காரைத்தான் எடுக்க வேண்டும் என்றால், காட்பாடியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், சென்னைச் சாலையில், இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதை இருக்கிறது. சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். வாடகை பேசி, பாதையை நமக்காக மட்டும் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அது.

பைப்பும் கப்பும்

நன்றாகப் படித்து, அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இது. ரிக்கில் போகிற பணத்தில் பெரும்பகுதி இங்கே போகட்டும்.

பைப் கார்பன் ஃபைபரில் கிடைக்கிறது. எடை குறைவு, விலை அதிகம். அலுமினியம் போதும் என்றால் 2 அங்குல விட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள பைப்பாகப் பாருங்கள். ஜன்னல் சட்டத்துக்கு விற்கும் மெல்லிய பைப் நுனியில் ஒரு கிலோ தொங்கினாலே ஆடும். பைப்பைக் காரோடு பிடிப்பது ரப்பர் சக்ஷன் கப். கண்ணாடிக் கடையில் பெரிய கண்ணாடியைத் தூக்க வைத்திருக்கும் கப்புகளைப் பார்த்திருப்பீர்கள். நெம்புகோலை மடக்கிப் பிடிக்க வைக்கும் மலிவான ரகம் நமக்கு ஆகாது. நமக்கு வேண்டியது பம்பு வைத்த ரகம்: கட்டை விரலால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியே எடுப்பது. பம்பின் தண்டில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். காற்று உள்ளே கசிந்தால் தண்டு வெளியே வந்து சிவப்பு தெரியும். ஒவ்வொரு முறை வண்டியைத் தள்ளுவதற்கு முன்னும் எல்லாக் கப்பின் சிவப்புக் கோட்டையும் ஒருவர் குனிந்து பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கப் எவ்வளவு தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிக் கட்டாதீர்கள். அந்த எண் கண்ணாடியில், நேராக இழுத்தபோது கிடைத்தது. நம் பைப்போ கிணற்று ஏற்றம் மாதிரி: ஒரு முனை நீளமாக வெளியே, மறு முனை குட்டையாகக் காரின் மேல். கேமராவும் அதைப் பைப்பில் பிடிக்கும் தலையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ, முன் கப்பிலிருந்து 3 மீட்டரில் தொங்குகிறது என்று வையுங்கள். பைப்பின் எடை 2 கிலோ, அதன் நடு 1.5 மீட்டரில். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 7.5. முன் கப்புக்கும் பின் கப்புக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தால், பின் கப்பை மேல் நோக்கி இழுக்கும் விசை 7.5ஐ 0.6ஆல் வகுத்தது, அதாவது பன்னிரண்டரைக் கிலோ. முன் கப் தகட்டைக் கீழே அழுத்துவது அதோடு மொத்த எடை மூன்றரையும் சேர்த்து 16 கிலோ. இது வண்டி நிற்கும்போது. ஒரு சின்னக் குழியில் சக்கரம் இறங்கினால் நுனி குதிக்கும். விசை சட்டென்று பல மடங்காகும்.

கப்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தை ஒரு மீட்டராக்கினால் பின் கப்பின் இழுப்பு ஏழரைக் கிலோவாக இறங்கிவிடும். பெரிய கப் வாங்குவதைவிட, இருக்கிற கப்புகளைத் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. தகட்டை அழுத்துகிற முன் கப்பை பேனட்டின் நடுவில் வைக்காமல், ஓரத்தில், மடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கேதான் அடியில் சட்டம் இருக்கும். நடுவில் வைத்தால் ஒடுக்கு விழும். பைப்பின் நடுவிலிருந்து கூரையில் இன்னொரு கப்புக்கு மெல்லிய ஸ்டீல் கம்பி ஒன்றைக் கட்டி டர்ன்பக்கிளால் முறுக்கினால், ஆட்டம் பாதியாகக் குறையும். இவ்வளவுக்கும் மேல், கேமராவின் உடம்பிலிருந்து காருக்குள் சீட் பெல்ட் கொக்கி வரை ஒரு நைலான் கயிறு. கப் விட்டாலும் கேமரா தரையைத் தொடாத நீளத்தில் அதைக் கட்டுங்கள்.

எந்த இடத்தில் கப் ஒட்டக் கூடாது? பம்பரில் கூடாது, அது பிளாஸ்டிக், வளையும். பக்கக் கண்ணாடியில் கூடாது. ஸ்டிக்கர், ஃபிலிம் ஒட்டிய தகட்டில் கூடாது. புதிதாக வாக்ஸ் போட்ட தகட்டில் கப் விடுபடாது, ஆனால் மெல்ல வழுக்கி நகரும். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பழைய கார் வியாபாரியின் வண்டியில் வேறொரு ஆபத்து உண்டு. எங்கோ இடித்து, டிங்கர் கடையில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்த பேனலில் கப்பை ஒட்டி எடுத்தால் பட்டியோடு பெயின்ட் உரிந்து வரும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்: தகடு கணகணக்கும், பட்டி மொத்தென்று கேட்கும். துணி சுற்றிய காந்தத்தை வைத்தாலும் தெரிந்துவிடும், பட்டியின் மேல் அது சரியாகப் பிடிக்காது. "இந்தப் பேனல் ரீபெயின்டா சார்?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது மரியாதை, விற்கிறவருக்குச் சங்கடமான கேள்விதான், பரவாயில்லை.

கப்புக்குப் பதிலாகக் காந்தம் வைத்த மவுண்டும் கிடைக்கிறது. ரேஞ்ச் ரோவர் மாதிரி அலுமினிய உடம்புக் கார்களில் அது ஒட்டாது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் தொடங்கும் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்காகவும் அறிவிக்கப்பட்ட ஆலை அது. இந்தப் பக்கத்தில் அலுமினியக் கார்கள் கூடத்தான் போகின்றன. காந்தத்தில் பணம் போடாதீர்கள்.

பைப் தகட்டில் உரசும் இடத்தில் வைக்க நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சும் தோல் துண்டு சல்லிசாகக் கிடைக்கும். மெத்தென்ற துண்டு இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காரின் மேல் வைப்பதற்கு முன் ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். கப்புக்கு அடியில் மட்டும் தோல் வேண்டாம், காற்று கசியும்.

வேலூர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. பகலில் கறுப்பு பேனட்டில் கை வைக்க முடியாது. ரப்பர் அந்தச் சூட்டில் இளகிப் பிடிமானத்தை விடும், எடுத்த பிறகு தகட்டில் வளையமாகத் தடமும் விடும். நிழலில் வண்டியை ஆறவிட்டு, மாலையில் ஒட்டுங்கள்.

இடமும் வெளிச்சமும்

வள்ளிமலைப் பக்கத்துப் பாறைக் குன்றுகளைப் பார்த்ததும் அவற்றைப் பின்னணியாக வைக்கத் தோன்றும். வைக்கலாம், ஆனால் அவை மட்டும் போதாது. 20 மில்லிமீட்டர் லென்ஸில் கார் 4 மீட்டர் நகர்ந்தால், 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குன்று படத்தில் அசைந்ததே தெரியாது. அதே நேரம் 6 மீட்டர் தள்ளி நிற்கும் புளியமரம் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுபடும். குன்றும் வானமும் மட்டும் இருந்தால் கார் நிறுத்தி வைத்த மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் மரம், மதில், விளக்குக் கம்பம் வேண்டும். நம் சாலையோர மரங்களில் நெடுஞ்சாலைத் துறை பூசும் வெள்ளைப் பட்டை இழுபட்டு, காரின் இடுப்பளவில் நீளமான வெள்ளைக் கோடாக வரும். அதைவிட நல்ல வேகக் கோட்டை யாராலும் வரைந்துவிட முடியாது.

ஆனால் பொதுச் சாலையில் 3 மீட்டர் பைப்பை நீட்டிக்கொண்டு இறங்காதீர்கள். பைக்கில் வருகிறவருக்கு அந்தி வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது, கழுத்து உயரத்தில் இருக்கும். காட்பாடி–குடியாத்தம் சாலையோ சித்தூர் சாலையோ எந்த நேரத்திலும் காலியாக இருப்பதில்லை. விடுமுறை நாளில் ஒரு தொழிற்சாலையின் உள்சாலை, கல்லூரி வளாகம், விற்பனைக்குக் காத்திருக்கும் லேஅவுட்டின் தார் ரோடு, இவற்றில் ஒன்றை உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பயன்படுத்துங்கள். 40 மீட்டர் நேர்ச் சாலை தாராளம். பொதுச் சாலைதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம் பிடித்தால், ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் அனுமதி வாங்கி, இரு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தித் தரும் வேலையை அவரே பார்க்கட்டும். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, ஜங்ஷன் ரயில்வேயின் இடம்; இரண்டிலும் வியாபாரப் படத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

தரை வழவழப்பாக இருக்க வேண்டும். கான்கிரீட் தளத்தில் நாலைந்து மீட்டருக்கு ஒரு வெட்டு இருக்கும்; சக்கரம் அதைத் தாண்டும்போது பைப் துள்ளும், படம் போயிற்று. தார்தான் நல்லது.

வெளிச்சத்துக்கு வெளிநாட்டுப் புத்தகங்களைப் பின்பற்றினால் ஏமாறுவோம். சூரியன் மறைந்த பின் ஒரு மணி நேரம் நீல வெளிச்சம் நிற்கும் என்று அவற்றில் எழுதியிருக்கும். அவர்கள் ஊரில் நிற்கும். நம் அட்சரேகையில் 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும். காட்பாடியில் ஜூன் கடைசியில் சூரியன் மறைவது மாலை 6.40ஐ ஒட்டி, நவம்பர் நடுவில் 5.45ஐ ஒட்டி. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரிக்கைக் கட்டி, ஒத்திகை பார்த்து, தள்ளுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தயாராக இருங்கள். நேர்வெயிலில் எடுத்தால் பைப்பின் நிழல் சாலையில் விழும். அது காரோடு சேர்ந்தே நகர்வதால் கலங்காமல் கோடாகத் தெரியும், அழிப்பது பெரும்பாடு.

மேகமூட்டமான பகலும் நல்லதே. ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் ஷட்டர் 1/30 நொடியை ஒட்டி வரும். வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டரைப் போட்டால் 2 நொடி கிடைக்கும். அந்தி கனிந்த பிறகு ஃபில்டரே வேண்டாம். எஃப் 8இல் 2 நொடி தானாக வரும். ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டுங்கள். கேமராவின் ஆட்டத் தடுப்பை அணைத்துவிடுங்கள், அது நகரும் சாலையைப் பார்த்துக் குழம்பும். ஷட்டரை ரிமோட்டில்தான் தட்ட வேண்டும்.

தள்ளுவது

என்ஜின் ஓடினால் அதன் அதிர்வு பைப்பின் நுனியில் பெரிதாகும். அதனால் என்ஜினை அணைத்து நியூட்ரலில் தள்ளுங்கள். சாவி ஆன் நிலையிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் அணைந்த வண்டியில் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்து மிதி கல்லாகிவிடும்; உள்ளே உட்காருகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள், அவர் கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருக்கட்டும். மின்சாரக் கார் என்றால் பாக்கியம்: அதிர்வு இல்லை, மெல்ல ஊர்ந்து போகும், தள்ள ஆள் வேண்டாம்.

தள்ள நாலு பேர் வேண்டும், பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் கிடைப்பார்கள். டிக்கியில் கை வைத்துத் தள்ளினால் தகடு நெளியும். பின் கதவுத் தூணில் வைக்கச் சொல்லுங்கள். கேமராவில் விழாதபடி குனிந்தே வர வேண்டும். கூப்பாடு போடுவது ஒருவர் மட்டும்தான்.

"அண்ணே, ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"செவப்பு தெரியுதாடா?"

"தெரியலண்ணே."

"அப்ப தள்ளுங்க. மெதுவா... மெதுவா... எடுத்துட்டேன், வுட்டுடுங்க."

முதல் தள்ளலில் வண்டி வெட்டி வெட்டி நகரும். சீராக உருளத் தொடங்கிய பிறகு கையை எடுத்துவிடச் சொல்லி, தானாக உருளும் அந்த நேரத்தில் ஷட்டரைத் தட்டினால் படம் சுத்தமாக இருக்கும். ஒரு மாலையில் இருபது தடவையாவது எடுங்கள். உருப்படியாக இரண்டு தேறும்.

வண்டி நின்றதும் அங்கேயே, கேமரா இருந்த அதே இடத்தில் முக்காலியை வைத்து, பைப்பைக் கழற்றிவிட்டு, காரை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேனட்டில் தெரியும் பைப்பின் பிரதிபலிப்பை ஃபோட்டோஷாப்பில் கையால் அழிக்க ஒரு நாள் ஆகும். இந்தப் படம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்து ஒட்டிவிடலாம். சாலையின் மேல் வரும் பைப்பை அழிப்பது சுலபம், கலங்கிய தார் கலங்கிய தாரோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரம், நம்பர் பிளேட், கம்பெனி முத்திரை, இந்த மூன்றின் குறுக்கே மட்டும் பைப் போகாமல் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது முதலில் கேமரா, அடுத்து ஸ்டீல் கம்பி, பிறகு பைப், கடைசியில் கப். கப்பைப் பிடுங்கக் கூடாது. ஓரத்து நாக்கைத் தூக்கிக் காற்றை உள்ளே விட்டால் தானே கழன்று வரும். துடைத்து முடித்ததும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, டார்ச் அடித்து, கப் இருந்த ஒவ்வொரு இடத்தையும் காட்டிவிட்டுப் பிறகு சாவியைக் கொடுங்கள்.